ஈயக் குட்டையின் நீர்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகள் பல இன்று நீர் நிறைந்த குட்டைகளாய் நிற்கின்றன. 1985-இல் ஈய விலை வீழ்ந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. குழிகள் அப்படியே கிடந்தன.

பின்லாந்து ஏரிகள் குளிர்காலத்தில் மேலே உறைந்துவிடும். சூலை மாதத்தில் மேல்நீர் 20 பாகை செல்சியசை ஒட்டி வரும்போதே பலரும் நீந்த இறங்குவர். அங்கே குளிரே காவலாளி. நம் குட்டைகளிலோ மேல்நீர் ஆண்டு முழுவதும் 28 பாகைக்கு ஏறக்குறைய வெதுவெதுப்பாய் இருக்கும். தடுப்பதற்கு ஒன்றுமில்லை, பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் தயங்காமல் இறங்குகின்றனர்.

வெயிலில் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலேயே தங்கும். ஆழத்து நீர் குளிர்ந்து கிடக்கும். மேலே கைவைத்துப் பார்ப்போர்க்கு இவ்வேறுபாடு தெரியாது. கரையோ அதனினும் கொடிது. குளக்கரை போல மெல்லச் சரிவதன்று அது. ஈரெட்டு வைத்ததும் தலைக்குமேல் ஆழம் வரலாம்; மணல் காலடியில் சரியும்; கீழே சேறு.

ஒருவர் மூழ்கக் கண்டால் நாமும் குதித்தலாகாது. மூங்கிற் கழியை நீட்டலாம். கயிற்றையோ, மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் கலனையோ வீசலாம். பெரியோரைக் கூவி அழைத்து, 999 எண்ணுக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.