வானிலும் ஒரு கடைத்தெரு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகின்றனர். அவர்களுள் பலர் ஊர் திரும்பும் நாளை முடிவு செய்வது நாள்காட்டி அன்று, பயணச்சீட்டின் விலையே. அவ்விலை எவ்வாறு குறைந்தது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

களியக்காவிளைச் சந்தையில் பெயர்பெற்ற ஓர் உணவகத்திற்கு எதிரே ஒருவர் சிறு இட்லிக்கடை திறக்கிறார் எனக் கொள்வோம். அவரும் நாற்பது வகைப் பலகாரம் செய்து போட்டியிட்டால் ஒரு மாதம் தாங்கமாட்டார். இட்லியும் சாம்பாரும் மட்டும் செய்து, வீட்டிலிருந்து பொதிசோறு கொண்டுவருவோரைத் தம் பக்கம் ஈர்த்தால் பிழைப்பார். புதிய விமான நிறுவனத்தின் வழியும் இதுவே.

இந்தியாவில் 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் அவ்வழியில் புறப்பட்டது. அதை நிறுவியவர் முன்னாள் இராணுவ அதிகாரியான கேப்டன் கோபிநாத். 2020இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் நாடியது விமானப் பயணிகளை மட்டுமன்று, இரயிலில் சென்றவர்களையும்தான். சிறு நகரங்களுக்கும் விமானம் விட்டார். சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கும் விற்றார். எல்லா இருக்கைகளும் அவ்விலைக்குக் கிடைத்தன என எண்ணிவிடாதீர்கள்! முந்தி வாங்கியவருக்குக் குறைவு, பிந்தியவருக்கு மிகுதி என்பதே கணக்கு.

குறைந்த கட்டணத்தில் இலாபம் எங்கிருந்து வரும்? விமானம் பறக்கும்போதுதான் பணம் ஈட்டும். தரையில் நின்றாலும் அதன் வாடகையும் ஊழியர் சம்பளமும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே, இறங்கிய விமானத்தை அரைமணி நேரத்திற்குள் தூய்மை செய்து மீண்டும் பறக்கவிட்டால், நாளொன்றுக்குக் கூடுதலாக ஒரு பயணம் கிடைக்கலாம். ஒரே வகை விமானங்களை வைத்திருந்தால் உதிரிப்பொருள்களும் பயிற்சியும் ஒரே வகையாக அமையும். உயர்வகுப்பை நீக்கினால் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 இருக்கைகள் அடங்கும். உணவைத் தனியே விற்றால் அதுவும் வருவாயே.

பழைய நிறுவனங்கள் வாளாவிருப்பதில்லை. 1973இல் அமெரிக்காவின் டல்லஸ் - ஹூஸ்டன் வழியில் பிரானிஃப் நிறுவனம் தன் கட்டணத்தைப் பாதியாக்கி 13 டாலருக்கு இறக்கியது. புதிய நிறுவனமான சவுத்வெஸ்ட், 13 டாலர் தரலாம். 26 டாலர் தந்தால் ஒரு பரிசும் உண்டு என்றது. அலுவலகச் செலவில் பறந்தோர் பலர் 26 டாலரையே தந்தனர். மனித மனத்தை நன்கறிந்த விடை அது!

தானே ஒரு மலிவு நிறுவனம் தொடங்குவது மற்றொரு வழி. சார்ஜாவில் ஏர் அரேபியா 2003இல் தோன்றியபின், ஏர் இந்தியாவின் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரல் 29 அன்று தன் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது. அது புறப்பட்ட இடம் நம் திருவனந்தபுரம். சென்ற இடம் அபுதாபி. போட்டியாளரை விலைக்கு வாங்குவது மூன்றாம் வழி. நட்டத்தில் இருந்த ஏர் டெக்கானின் பங்குகளைக் கிங்ஃபிஷர் 2007இல் வாங்கிப் பெயரையும் மாற்றியது. 2012இல் கிங்ஃபிஷரின் விமானங்களே நின்றுபோயின. கட்டணத்தைக் குறைத்தவர்கள் செலவைக் குறைக்கத் தவறினால் நேர்வது இதுவே.

2006இல் தொடங்கிய இண்டிகோ செலவில் கண்ணாக இருந்தது. இன்று உள்நாட்டில் பறப்போர் பத்துப் பேரில் அறுவருக்கு மேல் அதில்தான் செல்கின்றனர். இவ்வளவு பெரும்பங்கு ஒரே நிறுவனத்திடம் சேர்வது பயணிக்கு நல்லதா என்பது ஐயத்திற்குரியது. ஓணத்திற்கும் கோடை விடுமுறைக்கும் மலிவு விமானங்களிலும் கட்டணம் உயர்வதை நம் வீடுகள் அறியும். 2022இல் ஆகாசா ஏர் புதிதாகக் களமிறங்கியது. இண்டிகோவோ 2024இல் சில விமானங்களில் உயர்வகுப்பு இருக்கைகளைப் பொருத்தத் தொடங்கியது.

பயிற்சி
1. வாளாவிருத்தல், ஈட்டுதல் - பொருள் எழுதிச் சொற்றொடரில் அமைக்க.
2. இட்லிக்கடை உவமை ஏர் டெக்கானுக்கு எவ்வாறு பொருந்துகிறது?
3. பழைய நிறுவனங்கள் கையாண்ட மூன்று வழிகளுள் எது சிறந்தது? காரணம் கூறுக.
4. திருவனந்தபுரம் - அபுதாபி கட்டணத்தை ஓண வாரத்திற்கும் வேறொரு வாரத்திற்கும் வீட்டாரிடம் கேட்டு ஒப்பிட்டு எழுதுக.