எல்லோரும் தொட்டுப் பார்க்க ஒரு ஐடிஐ இணையதளம்: முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் "ஐடிஐயில் என்னென்ன படிப்பு இருக்கு?" என்று தேடும் பிள்ளைக்குப் பல நேரம் சிக்குவது ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப். கண் தெரிந்தவருக்கே அதைப் பெரிதாக்கிப் படிக்கத் தலைவலி. பார்வையற்ற மாணவருக்கோ அது வெறும் படம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வாயே திறக்காது. அவரும் யாரையும் கேட்காமல் பார்த்துக்கொள்ளும்படி, தமிழ்நாட்டு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) படிப்புகளுக்கென ஒரு சின்னத் தளத்தை நாமே கட்டுவோம்.

முதலில் என்ன?

டிசைன் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். எக்செல் ஒன்றைத் திறந்து, வரிசைக்கு ஒரு டிரேடு (தொழிற்பிரிவு) என்று எழுதுவோம். வெல்டர்: எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, ஓராண்டு. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர்: பத்தாம் வகுப்பு, இரண்டாண்டு. கோபா எனப்படும் கணினிப் பிரிவு: பத்தாம் வகுப்பு, ஓராண்டு. சேரக் குறைந்த வயது 14.

இன்னொரு கட்டத்தையும் சேர்ப்போம்: எந்த வகை மாற்றுத்திறனாளிகள் இதில் சேரலாம்? மத்திய அரசின் பயிற்சி இயக்ககம் வெளியிடும் பாடத்திட்டத்தில், ஒவ்வொரு டிரேடுக்கும் இது குறிப்பிடப்பட்டிருக்கிறது. புத்தகத்துக்குள் கிடக்கும் அந்த ஒரு வரியை வெளியே எடுத்துப் போட்டாலே நம் தளத்துக்குப் பாதி மதிப்பு வந்துவிடும்.

எப்படிக் கட்டுவது?

டிரேடுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், அடுத்து "நான் சேர முடியுமா?", பிறகு காலம், வேலை, விண்ணப்பம். எல்லாப் பக்கத்திலும் இதே வரிசை. தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், ஹெச்டிஎம்எல்லின் தலைப்புக் குறியீட்டிலேயே போடுவோம். திரைவாசிப்பானில் ஒரே விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவ அதுதான் வழி. பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறித்துவிடுவோம்.

இணைப்புகளுக்கு "இங்கே கிளிக் செய்யவும்" வேண்டாம். பார்வையற்றவர்கள் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக வரவழைத்துக் கேட்பதுண்டு. இருபது "இங்கே" வரிசையாகக் காதில் விழுந்தால் எதை அழுத்துவது? "வெல்டர் பாடத்திட்டம்" என்றே எழுதுவோம்.

நிறம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்கிறது சர்வதேச நெறிமுறை. வெள்ளையில் #999999 சாம்பல் இதில் தேறாது. #767676 மயிரிழையில் தேறும். தமிழின் சுழிகளுக்கு #595959 போட்டால்தான் எனக்கு நிம்மதி.

எவ்வளவு செலவு?

கிட்ஹப் பேஜஸில் தளத்தை வைக்கக் காசில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, சோதிக்க என்விடிஏ திரைவாசிப்பான், ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் டாக்பேக் எல்லாம் இலவசம். சொந்தமாக டொமைன் பெயர் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் எடுத்து வைப்போம்.

பணம் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பார்வையற்ற மாணவர் ஒருவரை அழைத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லி, பஸ் செலவோடு கூலியும் கொடுப்போம். அவர் தடுமாறும்போது வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் கஷ்டம்!

உஷார்!

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். நான் ஒட்டி மாட்டிக்கொண்டேன். திரையில் அழகாகத் "தமிழ்" என்று தெரிந்த சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ" என்று வாசித்தது. பாமினி எழுத்துருவில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழ் வெறும் வேஷம். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுவோம்.

மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையை மட்டும் வைத்து விண்ணப்ப இணைப்பு வரை போய்ப் பாருங்கள். நிற்கும் இடத்தைக் காட்டும் சிறு கட்டம் மறைந்தால் திருத்த வேண்டும். அழகைக் கெடுக்கிறதென்று டிசைனர்கள் முதலில் அழிப்பது அதைத்தான்.

உதவித்தொகை, கடைசித் தேதி மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தின் அடியில் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" போடுவோம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் தளத்துக்கும் இணைப்பு கொடுப்போம்.

ரிசல்ட் வருவது மே மாதம். ஜனவரியிலேயே எக்செலைத் திறந்துவிடுங்கள்.