680 ஓமைக் கழற்றுவதற்கு முன்

அன்புள்ள யாழினி,

உன் கடிதமும் போர்டின் படமும் வந்து சேர்ந்தன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அண்ணன் வாங்கிவந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இரண்டு டி.டி.ஏ.7294 ஐ.சி. இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எட்டு அங்குல சப்வூஃபருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதிர்வு போதவில்லை. 680 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 100 ஓம் போட்டால் கெயின் ஏறிவிடும் என்று ரிச்சி தெருவில் ஒருவர் சொன்னாராம். போடலாமா என்று கேட்கிறாய். அவர் சொன்னபடி கெயின் ஏறும், அதில் சந்தேகமில்லை. உனக்குக் குறைவது கெயின்தானா என்பதுதான் கேள்வி. அதைச் சோல்டரிங் அயர்னைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம்.

முதலில் அந்த ரெசிஸ்டர் என்ன செய்கிறது என்று பார். உன் படத்தில் ஐ.சி.யின் கால்களுக்குப் பக்கத்தில் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு வளையம் உள்ளது 22 கிலோ ஓம். நீலம், சாம்பல், பழுப்பு உள்ளது 680 ஓம். 22,000-ஐ 680-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 33 வரும். உள்ளே ஒரு வோல்ட் போனால் வெளியே 33 வோல்ட். டெசிபலில் சொன்னால் 30.5. ஐ.சி.யின் சொந்தப் பெருக்கம் இதைவிடப் பல நூறு மடங்கு அதிகம். ஆனால் அது சூடேறினால் மாறும், ஐ.சி.க்கு ஐ.சி. மாறும், நம்பி எதுவும் செய்ய முடியாது. அதனால் வெளியே போவதில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருவதிலிருந்து கழிக்கிறார்கள். மிச்சமிருக்கும் கெயினை அந்த இரண்டு ரெசிஸ்டர்கள் மட்டுமே தீர்மானிக்கும். நெகட்டிவ் ஃபீட்பேக் என்று உன் பாலிடெக்னிக் புத்தகத்தில் படித்திருப்பாய். இதைக் கண்டுபிடித்தவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போகும்போது யோசனை வந்தது. கையில் வேறு காகிதம் இல்லாமல் நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படமும் கணக்கும் போட்டுவிட்டார். தாம்பரம் ரயிலில் நீ தினமும் போய்வரும் நேரத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி முக்கியமான விஷயம். கெயின் வேறு, பவர் வேறு. மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த வேகத்துக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். திருகை எப்படி மாற்றினாலும் அதற்கு மேல் வராது. உன் செட்டில் தொட்டியின் உயரம் என்பது டிரான்ஸ்ஃபார்மர். 24-0-24 என்று எழுதியிருக்கிறாய். டயோடும் கெபாசிட்டரும் தாண்டி அது பிளஸ் 33, மைனஸ் 33 வோல்ட் அளவில் நிற்கும். ஐ.சி. தனக்கென மூன்று நான்கு வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் உச்சத்தில் சுமார் 29, மல்டிமீட்டர் காட்டும் கணக்கில் 20 வோல்ட். எட்டு ஓம் வூஃபரில் 20 வோல்ட் என்றால் 50 வாட். கெயின் 33 என்றாலும் 330 என்றாலும் இந்த 50 வாட்டைத் தாண்டிச் சுத்தமான ஒலி வராது. 33 மடங்கில் அந்த 20 வோல்ட்டை எட்ட உள்ளே 0.6 வோல்ட் போதும். பெரும்பாலான போன்களும் டி.வி.களும் அதைத் தரக்கூடியவைதான்.

இதை நம்ப வேண்டாம், அளந்து பார். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடு. போனில் 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓடவிட்டு போனின் சத்தத்தை முழுதாக வை. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டில் பிடித்துக்கொண்டு, வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. சாதாரண மீட்டர்கள்கூட 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் காட்டும், நம் ஈ.பி. மின்சாரத்தின் எண்ணும் அதுதானே. வால்யூம் முடியும் முன்பே மீட்டர் 20 வோல்ட்டைத் தொட்டால் உன்னிடம் கெயின் தேவைக்கு மேலேயே இருக்கிறது, ரெசிஸ்டரைத் தொடாதே. முழு வால்யூமில் ஏழு எட்டு வோல்ட்தான் வருகிறது என்றால் கெயின் குறைவு. இரண்டரை மடங்கு கூட்டினால் சரியாகும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல் கெயினை மாற்றுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, 100 ஓமே போட்டுவிட்டால் என்ன ஆகும்? கெயின் 221 ஆகும். வால்யூமைக் கால்வாசி திருப்புவதற்குள் 20 வோல்ட் வந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். முழுதாகத் தட்டையான அலை, அதே உச்சமுள்ள நல்ல அலையைப் போல இரண்டு மடங்கு பவரை வூஃபரின் வாய்ஸ் காயிலில் சூடாகக் கொட்டும். ஐம்பது வாட் செட்டில் எண்பது வாட் வூஃபர் கருகுவது இப்படித்தான். கூடவே இரைச்சலும் ஹம்மும் ஆறரை மடங்கு ஏறும். மற்ற ஸ்பீக்கரில் ஹம் அவ்வளவாகத் தெரியாது. சப்வூஃபரோ 50, 100 ஹெர்ட்ஸைப் பாடுவதற்கென்றே இருப்பது. ஹம்மின் எண்களும் அவையே.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. 680 ஓமுக்குத் தொடர்ச்சியாக ஒரு 22 மைக்ரோ கெபாசிட்டர் நிற்பதைப் படத்தில் பார்த்தேன். டி.சி. பெருகி ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பது அது. ரெசிஸ்டரும் அந்தக் கெபாசிட்டரும் சேர்ந்து, கெயின் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சரியத் தொடங்கும் என்பதையும் நிர்ணயிக்கின்றன. 680 ஓமும் 22 மைக்ரோவும் சேர்ந்தால் அந்த எல்லை 10.6 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாத ஆழம், கவலையில்லை. 100 ஓம் போட்டால் அதே எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 221 மடங்கு என்று நாம் கணக்குப் போட்டது மேலே உள்ள ஒலிகளுக்குத்தான். 36 ஹெர்ட்ஸில் கிடைப்பது 98 மடங்கு, 20-இல் 60-கூட இல்லை. சப்வூஃபர் எதற்காக வாங்கினீர்களோ அந்த அடி ஒலிதான் மற்றவற்றைவிடப் பின்தங்கும். பம் பம் என்று ஒரே இடத்தில் அடிக்கும், ஆழம் இருக்காது. சந்தை போர்டுகளில் ரெசிஸ்டரை மாற்றியபின் எல்லாருக்கும் கேட்கிற அந்த மொந்தைச் சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். ரெசிஸ்டரைக் குறைத்தால் கெபாசிட்டரைக் கூட்டியே ஆக வேண்டும்: 330 ஓம் என்றால் 47 மைக்ரோ, எல்லை மறுபடி பத்து ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். எதிர்த் திசையிலும் வரம்பு உண்டு. இந்த ஐ.சி.யின் கெயினை 24 டெசிபலுக்கு, அதாவது 16 மடங்குக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. போனால் தானாகவே ஊசலாடத் தொடங்கும்.

அப்படியானால் அதிர்வு ஏன் போதவில்லை? பாதி காரணம் நம் காது. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வெளியிட்டார்கள்: காது நடுவிலுள்ள ஒலிகளுக்குக் கூர்மை, அடி ஒலிக்கு மந்தம். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு கேட்க, 40 ஹெர்ட்ஸில் 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். அதனால்தான் இரவில் மெதுவாக வைத்தால் பேஸ் முழுக்கக் காணாமல் போகிறது. இன்னொரு பாதி, குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் கேட்டதை மனதில் வைத்து வீட்டில் எதிர்பார்ப்பது. சினிமா ஒலியில் 5.1-இன் அந்த ‘.1’ தடத்தை மற்றவற்றைவிட 10 டெசிபல் கூட்டித்தான் ஒலிக்க வேண்டும் என்பது வழக்கம். வோல்ட்டில் அது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேலே. டீகோடர் அதைச் சேர்க்காமல் விட்டால், உனக்கு உண்மையிலேயே கெயின் தேவைப்படும்.

தேவைப்பட்டால் அதைப் பவர் போர்டில் ஏற்றாதே, அதற்கு முன்னால் ஏற்று. சப்வூஃபருக்கு எப்படியும் ஃபில்டர் வேண்டும். அந்தச் சின்ன போர்டில் உள்ள 4558 ஐ.சி.யில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருக்கின்றன. முதல் பாதியில் 22 கிலோவும் 10 கிலோவும் போட்டால் 3.2 மடங்கு, சரியாக அந்த 10 டெசிபல். இரண்டாம் பாதியில் 20 கிலோ ரெசிஸ்டர் இரண்டு, கடையில் 104 என்று கேட்டால் எடுத்துத் தரும் கெபாசிட்டர் இரண்டு. 80 ஹெர்ட்ஸில் ஒலி பாதியாகி, அதற்கு மேலே வேகமாக இறங்கும். தவறு செய்தாலும் போவது சில ரூபாய் ஐ.சி. ஒன்றுதான். இதற்கான 12 வோல்ட்டை 33 வோல்ட்டிலிருந்து நேராக 7812 வைத்து எடுக்க வேண்டாம். அது தாங்குவது 35 வரைதான், மதியம் ஈ.பி. வோல்டேஜ் ஏறினால் தாண்டிவிடும். ஒரு கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டரும் 12 வோல்ட் ஜெனரும் பக்கத்துக்கு ஒன்றாகப் போடு.

எதையும் மாற்றுவதற்கு முன் வூஃபர் பெட்டியை நகர்த்திப் பார். சேலையூர் வீட்டு ஹால் பன்னிரண்டுக்குப் பத்து அடி என்று நினைவு. கான்கிரீட் சுவர் அடி ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். அந்த நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸும் அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸும் சில இடங்களில் பொங்கும், சில இடங்களில் செத்துக் கிடக்கும். பெட்டியை அப்பா உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து போய்க் கேள். எங்கே பேஸ் நிறைவாக இருக்கிறதோ அங்கே பெட்டியை வை. பெரும்பாலும் அது மூலையாக இருக்கும். ஒரு சுவரை ஒட்டி இருப்பதை மூலைக்குக் கொண்டுபோனால் அடி ஒலி ஆறு டெசிபல் வரை கூடலாம். அதே ஆறு டெசிபலை ஆம்ப்ளிஃபயரில் எடுக்க நான்கு மடங்கு பவர் வேண்டும், 50 வாட்டுக்குப் பதில் 200. கீழ்வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பையன் இருக்கிறான் என்பதையும் மறக்காதே. பத்து மணிக்கு மேல் வூஃபரை அணைத்துவிடு.

நான்கு ஓம் வூஃபர் வாங்கி இதில் மாட்டலாம் என்று அண்ணன் நினைத்தால் தடுத்துவிடு. தயாரிப்பாளரின் தாளில் எட்டு ஓமுக்கு 35 வோல்ட், நான்கு ஓமுக்கு 27 வோல்ட் என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். 24-0-24-இல் நான்கு ஓம் போட்டால் ஐ.சி. சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறக்கும்போது அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 10,000 மைக்ரோ கெபாசிட்டர்கள் முழு வோல்ட்டோடு நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிக்காதே; ஒரு கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிமிடம் பிடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வை. ஐ.சி.யின் உலோக முதுகு மைனஸ் வோல்ட்டோடு இணைந்தது, அதனால் மைக்கா இல்லாமல் ஹீட் சிங்கில் திருகக் கூடாது. வேலை முடிந்து முதன்முறை போடும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் வை. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, எரிந்தபடியே இருந்தால் உடனே அணை. அதன்பின் அவுட்புட்டில் டி.சி. அளந்து 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் வூஃபரை இணை.

இந்த ஞாயிறு இரண்டு அளவு எடுத்து எழுது: 50 ஹெர்ட்ஸில் முழு வால்யூமில் அவுட்புட் எவ்வளவு, அப்போது பிளஸ், மைனஸ் சப்ளை எவ்வளவு. பார்த்துவிட்டு ஃபில்டர் போர்டுக்கான சாமான் பட்டியலை அனுப்புகிறேன், ரிச்சி தெருவுக்கு ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

அன்புடன்,
மாமா