பெயருக்கு என்ன விலை?

தொலைக்காட்சித் திரையில் ஒரு கைப்பை மெல்லச் சுழல்கிறது. "ஐரோப்பிய ஆடம்பரப் பைகளுக்கு இணையான தோற்றம்! அத்தகைய பைகளின் விலை 1,990 ரிங்கிட். இன்று உங்களுக்கு 199 ரிங்கிட் மட்டுமே! இன்னும் நாற்பது பைகள்தாம் உள்ளன!" என்கிறார் அறிவிப்பாளர். திரையின் ஓரத்தில் எஞ்சியுள்ள நேரம் நொடிநொடியாகக் குறைகிறது.

இது கற்பனையான ஓர் அறிவிப்பு. எனினும், தொலைக்காட்சி வழி விற்பனையைப் பார்த்திருப்போருக்கு இதன் தொனி புதியதன்று. இதில் பொய் எது என்று தேடினால் ஒரு சொல்கூட அகப்படாமல் போகலாம். 'இணையான தோற்றம்' என்றுதான் அறிவிப்பாளர் கூறினார். அது ஆடம்பர நிறுவனத்தின் பை என்று கூறவில்லை. ஆனால், கேட்பவர்களில் பலர், விலையுயர்ந்த பை பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றே எண்ணிக்கொள்வர். சொல்லப்பட்டது ஒன்று, புரிந்துகொள்ளப்பட்டது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் பெயர்மதிப்பை இரவல் வாங்கும் வணிகம் நடைபெறுகிறது.

வானொலியில் தொடங்கிய விற்பனை

1977ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், விளம்பரக் கட்டணத்தைப் பணமாகச் செலுத்த இயலாத ஒரு வணிகர், வானொலி நிலையம் ஒன்றுக்கு 112 மின் டின் திறப்பான்களைக் கொடுத்தார். நிலையத்தார் அவற்றை வானொலியிலேயே விற்கத் தீர்மானித்தனர். அறிவிப்பாளர் பொருளை விவரித்தார். நேயர்கள் தொலைபேசியில் அழைத்தனர். அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அந்த அனுபவத்தின் அடிப்படையில் 1982இல் ஒரு வட்டாரத் தொலைக்காட்சி விற்பனை அலைவரிசை தோன்றியது. 1985இல் அது நாடு முழுவதும் ஒளிபரப்பாகியது.

பின்னர், இம்முறை ஆசியாவிலும் பரவியது. மலேசியாவில் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தென்கொரிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து இத்தகைய அலைவரிசைகள் தொடங்கப்பட்டன. இன்று அதே விற்பனை உத்திகள் கைப்பேசியின் நேரலை விற்பனைக்கும் இடம்பெயர்ந்துள்ளன. வீட்டிலிருந்தே பொருள் வாங்குவது வசதியானது; நேர்மையாக விற்போரும் பலர் உள்ளனர். எனினும், இம்முறையில் ஒரு குறை உண்டு. வாங்குபவரால் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. தையலைச் சோதிக்க இயலாது. அடுத்த கடையின் விலையோடு உடனே ஒப்பிடவும் நேரமிருக்காது. அவருக்குக் கிடைப்பவை ஒளியும் ஒலியும் மட்டுமே. எனவே, விற்பவரின் சொல்லுக்கு இங்கே பலம் அதிகம்.

பெயர் ஏன் மயக்குகிறது?

புகழ்பெற்ற ஒரு பெயரைக் கேட்டவுடன் மனம் இரண்டு வகைகளில் தடுமாறுகிறது.

முதலாவது, 'ஒளிவட்ட விளைவு'. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் இதனை விளக்கினார். இராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ்ப் பணியாற்றியவர்களை மதிப்பிட்ட விதத்தை அவர் ஆராய்ந்தார். ஒரு பண்பில் சிறந்தவர் எனக் கருதப்பட்டவர், தொடர்பில்லாத மற்றப் பண்புகளிலும் உயர்வாகவே மதிப்பிடப்பட்டிருந்தார். பொருள்களிடமும் நாம் இவ்வாறே நடந்துகொள்கிறோம். பெயர் உயர்ந்ததாக ஒலித்தால், தோலும் தையலும் உயர்ந்தவையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

இரண்டாவது, 'நங்கூர விளைவு'. ஆமோஸ் டிவர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகிய உளவியலாளர்கள் 1974இல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினர். எண்கள் குறிக்கப்பட்ட சக்கரம் ஒன்று, பங்கேற்பாளர்களின் முன்னிலையில் சுழற்றப்பட்டது. அது 10 அல்லது 65 என்ற எண்ணில் மட்டுமே நிற்குமாறு முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. பிறகு, ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்கப்பட்டது. 10ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 45. கேள்விக்குச் சற்றும் தொடர்பில்லாத எண், அவர்களின் கணிப்பை இழுத்துப் பிடித்துவிட்டது. '1,990 ரிங்கிட்' என்று முதலில் கூறுவதன் நோக்கமும் இதுவே. அந்த எண் மனத்தில் நங்கூரமிட்ட பிறகு, 199 மிகச் சிறிய தொகையாகத் தோன்றுகிறது.

பெயரை இரவல் வாங்கும் வழிகள்

இத்தகைய விற்பனையில் ஏமாற்றம் பெரும்பாலும் அடைமொழிகளில் ஒளிந்திருக்கும்.

'பாரிஸ் பாணி', 'இத்தாலிய வடிவமைப்பு' போன்ற தொடர்கள் பொருள் எங்கே தயாரிக்கப்பட்டது என்பதைத் தெரிவிப்பதில்லை. கைக்கடிகாரங்களில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். ஒரு கடிகாரத்தில் 'சுவிஸ் மேட்' என்று பொறிக்க வேண்டுமானால், அதன் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு சுவிட்சர்லாந்தில் ஏற்பட்டிருக்க வேண்டும். இறுதிச் சோதனையும் அங்கேயே நடைபெற வேண்டும். இவ்விதி 2017 முதல் நடப்பில் உள்ளது. ஆனால், 'சுவிஸ் இயந்திரம்' என்றால் உள்ளே இயங்கும் பகுதி மட்டுமே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. கடிகாரத்தின் உறையும் வாரும் வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம். ஒரு சொல் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது.

நகைகளிலும் இந்நிலை உண்டு. '18 காரட் தங்க முலாம்' என்பதில் வரும் எண், மேலே பூசப்பட்ட மெல்லிய படலத்தின் தரத்தைக் குறிக்கிறது. நகை முழுவதன் தரத்தை அன்று. '916' என்று முத்திரையிடப்பட்ட நகையிலோ 91.6 விழுக்காடு தங்கம் உள்ளது. அவ்வாறே, 'வைரம் போன்ற கல்' என்பது பெரும்பாலும் கியூபிக் சிர்கோனியா எனும் செயற்கைக் கல்லாகும். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் வைரம் கரிமத்தால் ஆனது. ஆதலால் அதுவும் வைரமே. கியூபிக் சிர்கோனியாவோ முற்றிலும் வேறான பொருள். 'போன்ற' என்ற சிறு சொல்லைக் காது தவறவிட்டால், கை கூடுதல் விலையைக் கொடுத்துவிடும்.

உரிமம் பெற்ற பெயர்கள் மற்றொரு வகை. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியேர் கார்டின், தம் பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை உலகெங்கும் 800க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு வழங்கினார். ஆடை, வாசனைத் திரவியம், எழுதுகோல் எனப் பலவற்றில் அப்பெயர் இடம்பெற்றது. இது சட்டப்படி முறையான வணிகமே. எனினும், இத்தகைய பொருளில் பெயர் உண்மையானதாக இருந்தாலும், அந்த வடிவமைப்பாளர் அதனைத் தம் கையால் உருவாக்கினார் என்பது பொருளன்று. பெயரின் உரிமையாளர் வேறு. பொருளைத் தயாரித்தவர் வேறு.

சில வேளைகளில், இரவல் வாங்கப் பெயர்கூடத் தேவைப்படுவதில்லை, புகழையே புனைந்துவிடுகின்றனர். 2006இல் தென்கொரியாவில் வெளிச்சத்துக்கு வந்த 'வின்சென்ட் அண்ட் கோ' மோசடி இதற்குச் சான்று. நூறாண்டுப் பழைமை வாய்ந்த சுவிஸ் நிறுவனம், ஐரோப்பிய அரச குடும்பத்தினர் அணிந்தவை என்றெல்லாம் கூறிக் கடிகாரங்கள் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன. பிரபலங்களும் வாங்கி அணிந்தனர். காவல்துறை விசாரித்தபோது, அவை மலிவான பாகங்களைக் கொண்டு கொரியாவிலேயே பொருத்தப்பட்டவை என்பது தெரியவந்தது. அந்த நூறாண்டு வரலாறு வெறும் கட்டுக்கதையாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறருடைய நற்பெயரில் குளிர்காய்வது எந்த அளவுக்கு அனுமதிக்கத்தக்கது? இக்கேள்வி ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்தது. பெலூர் எனும் நிறுவனம், புகழ்பெற்ற வாசனைத் திரவியங்களின் மணத்தை ஒத்த மலிவான திரவியங்களை விற்றது. எந்தத் திரவியம் எந்தப் புகழ்பெற்ற திரவியத்துக்கு ஈடு என்பதைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலும் கடைக்காரர்களுக்கு வழங்கப்பட்டது. லோரியல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மணத்தைப் போலச் செய்வது அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. ஆனால், ஒரு பொருளை இன்னொன்றின் நகல் என்று கூறி விற்பது, அந்தப் பெயரின் புகழை முறையின்றிப் பயன்படுத்திக்கொள்வதாகும் என்று 2009இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குவோர் குழப்பமடையாவிட்டாலும் இது பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சிறப்பு.

அத்தீர்ப்பு புகழ்பெற்ற நிறுவனத்தைக் காத்தது. வாங்குபவரைக் காப்பவை வேறு சட்டங்கள். மலேசியாவில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், பிறப்பிடம், விலை ஆகியவற்றைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்குவதைத் தடை செய்கிறது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் பொய்யான விவரங்களோடு பொருள் விற்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு முறையிடலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, விளம்பரப் படம், உரையாடல் பதிவு போன்ற சான்றுகள் இருந்தால் போதும்.

ஆயினும், சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 'இணையான', 'போன்ற', 'பாணியிலான' என்று கவனமாகக் கோக்கப்பட்ட வாக்கியத்தைப் பொய் என்று மெய்ப்பிப்பது எளிதன்று. சட்டத்தின் கை எட்டாத அவ்விடத்தில், வாங்குபவரின் மொழியறிவே அவருக்குக் காவல்.

வாங்குவதற்கு முன்

மலேசியாவில் 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள் வேலை செய்யும் ஒருவருக்கு 199 ரிங்கிட் என்பது ஏறத்தாழ மூன்று நாள் உழைப்பு. விளம்பரம் '1,791 ரிங்கிட் மிச்சம்' என்று கணக்குக் காட்டலாம். ஆனால், அந்தத் தொகை எவருடைய பையிலும் சேர்வதில்லை. 199 ரிங்கிட் கையைவிட்டுப் போவது மட்டுமே உறுதி.

எனவே, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுக்காமல், சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்பொருளைத் தயாரித்தவர் யார்? எந்த நாட்டில் தயாரிக்கப்பட்டது? எந்த மூலப்பொருளால் ஆனது? வெட்டிக் காட்டப்படும் பழைய விலைக்கு இதே பொருள் எங்காவது விற்கப்பட்டதா? பிடிக்காவிட்டால் திருப்பித் தர இயலுமா? இவற்றுக்கு விடை கிடைக்கும் முன்பே திரையில் நேரம் முடிந்துவிட்டால், முடியட்டும். அவசரப்படுத்துவதே அந்தக் கடிகாரத்தின் வேலை; அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை.

இவை அனைத்தையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: 'இந்தப் பெயரை நீக்கிவிட்டால், இப்பொருளுக்கு நான் எவ்வளவு கொடுப்பேன்?' 199 ரிங்கிட் பெறுமானமுள்ள பையை, அதன் மதிப்பை அறிந்தே வாங்குவதில் இழுக்கு எதுவும் இல்லை. அது நன்கு உழைக்கும். வாங்கியவரும் மனநிறைவு அடைவார். அதே பையை வேறொன்றாக எண்ணி வாங்கும்போதுதான் ஏமாற்றம் பிறக்கிறது. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதை நம் முன்னோர் கண்டறிந்து கூறினர். பாலைச் சோதிக்க நாக்கு உதவும்; விளம்பரத்தைச் சோதிக்கச் சொல்லின் பொருளறிந்த செவி வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

அடைமொழி – ஒரு பெயரின் தன்மையை விளக்க அதற்கு முன் வரும் சொல்
உரிமம் – ஒன்றைப் பயன்படுத்த அளிக்கப்படும் முறையான அனுமதி
முலாம் – ஓர் உலோகத்தின் மேல் பூசப்படும் மற்றோர் உலோகப் படலம்
எடுத்தேன் கவிழ்த்தேன் – சிந்திக்காமல் அவசரமாகச் செயல்படுதல்

சிந்தித்து விடையளிக

1. 'சொல்லப்பட்டது ஒன்று, புரிந்துகொள்ளப்பட்டது வேறொன்று.' கைப்பை அறிவிப்பைக் கொண்டு இக்கூற்றை விளக்குக.
2. ஒளிவட்ட விளைவுக்கும் நங்கூர விளைவுக்கும் இடையிலான வேறுபாடு யாது?
3. 'சுவிஸ் மேட்', 'சுவிஸ் இயந்திரம்' ஆகிய இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. பெலூர் நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பு நியாயமானதா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. நீர் பார்த்த விளம்பரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள அடைமொழிகளை நீக்கி மீண்டும் எழுதுக. எஞ்சிய தகவல் அப்பொருளை வாங்குவதற்குப் போதுமானதா என்று குழுவில் கலந்துரையாடுக.