ஹார்டு டிஸ்க்கில் நடுங்கும் துகள்கள்

“இந்தத் தட்டில் இன்னும் எவ்வளவு பதியலாம்?” புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெரியப்பா என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டின் மேல் கோபால்ட் கலந்த உலோகப் பூச்சு உண்டு. அதில் சுமார் 8 நானோமீட்டர் அகலமுள்ள துகள்கள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பல துகள்கள் சேர்ந்தே ஒரு பிட்டைத் தாங்குகின்றன.

கூடுதலாகப் பதியத் துகளைச் சிறிதாக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்! மிகச் சிறிய துகளில், அறை வெப்பத்தின் நடுக்கமே காந்தத் திசையைப் புரட்டிவிடும்; பதிந்தது அழியும்.

அதற்காக இரும்பு-பிளாட்டினத் துகள்களைப் பயன்படுத்தினால் திசை எளிதில் மாறாது. ஆனால் எழுதுவதும் கடினம். இதற்கு வழி, எழுதும் ஹெட்டில் ஒரு லேசர். அதன் ஒளி நுண்ணிய உலோக முனையில் பட்டதும் அங்குள்ள எலெக்ட்ரான்கள் அதிர்கின்றன. அந்த ஆற்றல் தட்டின் ஒரு புள்ளியில் வெப்பமாக மாறுகிறது. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டி, காந்தப்பிடி தளரும் கணத்தில் எழுதிவிடுகிறது ஹெட். உடனே புள்ளி ஆறி, திசை உறைகிறது. இம்முறையில் 30 டெராபைட் டிஸ்க்குகளை 2024-ல் சீகேட் அறிமுகம் செய்தது.

எத்தனை டெராபைட் ஆனாலும் பேக்கப் எடுக்க மறக்காதீர்கள். கல்லூரி ப்ராஜெக்டை ஒரே டிஸ்க்கில் வைத்து இழந்தவன் சொல்கிறேன்!