தபால்தலையில் விலங்கும் விழாவும்

தபால்தலை சேகரிப்போரில் நாடுவாரியாகச் சேர்ப்போர் ஒரு சாரார்; பொருள்வாரியாகச் சேர்ப்போர் மற்றொரு சாரார். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன். காட்டு விலங்குகளுக்கு ஓர் ஆல்பம், பண்டிகைகளுக்கு ஓர் ஆல்பம் என வகுத்துக்கொண்டேன். பிரிப்பது எளிது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஒரு புலி குறுக்கே வந்து நிற்கிறது!

ஜப்பான் நாட்டில் புத்தாண்டு வாழ்த்துக்கான தபால்தலைகள் 1935 டிசம்பரிலேயே தொடங்கின. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு விலங்குகள் என்னும் கீழைநாட்டுக் கணக்குப்படி 1950 புலி ஆண்டு. அவ்வாண்டு 2 யென் தபால்தலையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்கியோவின் புலி இடம்பெற்றது. ஜப்பானியக் காடுகளில் புலி இல்லை. ஓக்கியோ புலித்தோலைப் பார்த்தே வரைந்தார். ஆகவே அது காட்டிலிருந்து வந்த புலியன்று, பஞ்சாங்கத்திலிருந்து வந்த புலி.

நம் நாட்டுப் புலியின் கதை வேறு. 1962இல் வனவிலங்கு வாரத்தையொட்டி ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் 15 நயா பைசா தபால்தலையில் வந்தது. மறு ஆண்டே காட்டெருது, சிவப்புப் பாண்டா, யானை, புலி, சிங்கம் என ஐந்து தபால்தலைகள் வெளியாயின. புலிக்கு 50 நயா பைசா. சிங்கத்துக்கு ஒரு ரூபாய். அந்நாளில் தேசிய விலங்கு சிங்கமே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். புலி அவ்விடத்தைப் பெற்றது 1970களின் தொடக்கத்தில்தான். 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம் பத்தாண்டு கண்டபோது, 1983இல் அதற்கெனத் தனித் தபால்தலையே வந்தது. இங்கே புலி விழாவுக்கு வரவில்லை. அழிந்துவிடுமோ என்ற அச்சத்தால் வந்தது.

எனவே, படத்தில் இருப்பது என்ன என்று கேட்பதைவிட, எதற்காக வெளியிட்டார்கள் என்று கேட்பதே சரியான முறை என்பது என் கருத்து. இதன்படி ஓக்கியோவின் புலி பண்டிகை ஆல்பத்துக்கும், 1963ஆம் ஆண்டுப் புலி விலங்கு ஆல்பத்துக்கும் போகின்றன. வெளியீட்டுக் காரணத்தை அறிய முதல் நாள் உறையும், அத்துடன் தரும் விவரத்தாளும் பெரிதும் உதவும். பலர் அத்தாளை எறிந்துவிடுகிறார்கள்; தபால்தலையைக் கோந்தால் ஒட்டிக் கெடுப்பதற்கு இணையான செயல் அது!

சீனாவின் 1980ஆம் ஆண்டுக் குரங்கைச் சொல்லாமல் முடிக்க இயலாது. சிவப்புப் பின்னணியில் கருங்குரங்கு. விலை 8 ஃபென். வரைந்தவர் ஹுவாங் யோங்யூ. ஆந்தை ஒன்று ஒற்றைக் கண்ணை மூடியிருப்பதாக வரைந்ததற்காக 1974இல் கண்டனத்துக்கு ஆளானவர் அவரே. ஆறே ஆண்டுகளில் அவர் வரைந்த குரங்கு, நாடெங்கும் புத்தாண்டுக் கடிதங்களில் சென்றது! இன்று அதன் விலை மாணவர் கைக்கு எட்டாதது; போலிகளும் மலிந்துள்ளன. அவ்வரிசை 1991ஆம் ஆண்டு ஆட்டுடன் நிறைவுற்றது. என் ஆல்பத்தில் அது 1981ஆம் ஆண்டுச் சேவலில்தான் தொடங்குகிறது. முதற்கட்டம் வெறுமையாக இருக்கிறது.