கைபேசியின் பாட்டரியைப் பேணும் முறை

சென்ற மழைக்காலத்தில் எமது வட்டாரத்து மலைக்கிராமம் ஒன்றில் நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டது. 108 ஊர்தியை அழைக்கக் கைபேசியை எடுத்தபொழுது அதில் சார்ஜ் இல்லை. ஊரிலும் மின்சாரம் இல்லை. அண்டை வீட்டாரின் கைபேசி உதவியமையால் தாயும் சேயும் பிழைத்தனர். ஆகவே, பாட்டரியைப் பேணுதல் அற்ப விஷயமன்று.

கைபேசியில் உள்ளது லித்தியம் அயனி பாட்டரியாகும். 1991-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இவ்வகைப் பாட்டரிக்கு வெப்பமே முதற்பகை. வெயிலில் நிற்கும் டிராக்டரின் மீதோ, அடுப்பருகிலோ கைபேசியை வைத்தலாகாது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்தலும் தவறு.

முற்றிலும் தீரவிடுவதும், எந்நேரமும் 100 சதவீதத்தில் வைத்திருப்பதும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். சாதாரண நாட்களில் 20 சதவீதத்திற்குக் குறையாமலும் 80 சதவீதத்திற்கு மிகாமலும் வைத்திருப்பது நலம்.

அன்றாடம் சார்ஜை மிகுதியாக உண்பது திரையின் ஒளி, அதனைக் குறைத்துக்கொள்க. சிக்னல் மெலிந்த இடத்தில், தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காகக் கைபேசி கூடுதல் சக்தியைச் செலவிடுகிறது. மலைவாழ் மக்களின் கைபேசி மாலைக்குள் ஓய்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிக்னலே இல்லாத காட்டுவழியில் 'ஃபிளைட் மோடில்' வைத்து, ஊர் திரும்பியதும் மறவாமல் மாற்றிவிடுக.

உப்பிய பாட்டரியைக் குத்துதலோ அழுத்துதலோ ஆபத்து, தீப்பற்றக்கூடும். அதனைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுக.

புயல், மழை எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் 80 என்ற வரம்பை விடுத்து முழுவதும் நிரப்பிக்கொள்க. அன்றிரவு அதுவே ஓர் உயிரைக் காக்கலாம்.